சந்தை வண்டிக்குக் கதவு: பெட்டி கட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டியது



கடையை ஊருக்கு ஊர் எடுத்துச் சென்று வியாபாரம் செய்யும் மளிகைக்காரர்கள் நம் தருமபுரி மாவட்டத்தில் பெருகி விட்டனர். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி சந்தைகளுக்கும், வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களுக்கும் சரக்கோடு போய் வருகிறார்கள். 2005-ல் டாடா ஏஸ் வண்டி வந்த பிறகு இது எளிதாயிற்று. 2020 ஊரடங்கின்போது வீதி வீதியாகப் போய் விற்றுப் பழகியவர்களில் பலர் அதை விடவில்லை. சிலர் திறந்த வண்டியின்மேல் பெட்டி கட்டிக் கொள்கிறார்கள். சிலர் இரு சக்கர டிரெய்லரின்மேல் பெட்டி கட்டி, வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல எண்ணுகிறார்கள்.

பெட்டியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். எத்தனை அடி நீளம், என்ன தகடு, என்ன வர்ணம், பக்கத்தில் எந்தச் சாமி படம் என்பதெல்லாம் பேசி முடிந்த பிறகு, பட்டறைக்காரரிடம், "பின்னாடி ஒரு கதவு, பக்கத்துல ஒரு கதவு வெச்சுடுங்க" என்று சொல்லி விட்டு வந்து விடுகிறார்கள். நாம் மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளாக எத்தனையோ வண்டிகளில் சரக்கு ஏற்றி அனுப்பி வருகிறோம். நஷ்டம் வந்த வண்டிகளைப் பார்த்தால் தகட்டில் ஓட்டை விழுந்து கெட்டது குறைவு, கதவால் கெட்டதே அதிகம். எனவே, முதலில் கதவை முடிவு செய்து, அந்தக் கதவுக்குப் பெட்டியைக் கட்டுங்கள் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவருக்குச் சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறோம். புதுப் பெட்டி, கட்டி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரவு முழுதும் மழை. காலையில் திறந்து பார்த்தால் இரண்டு மூட்டை சர்க்கரை அடியில் பாகாகி விட்டது, ஒரு மூட்டை துவரம் பருப்பு ஊறிப் போனது. கூரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கதவின் அடி விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே நுழைந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி நின்றிருக்கிறது. பட்டறைக்காரரைக் கேட்டதற்கு, "மழையில நிறுத்துவீங்கன்னு சொல்லலையே" என்றாராம். சிறு வியாபாரிக்கு இரண்டு மூட்டை சர்க்கரை என்பது எத்தனை நாள் லாபம் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவு விஷயத்தில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். பழைய கடைவீதிக் கடைகளுக்கு இரட்டைக் கதவு கிடையாது. மேலும் கீழும் காடி எடுத்த உத்தரத்தில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகுவோம். பலகைக்குப் பலகை எண் எழுதியிருக்கும். ஐந்தாம் பலகையை நாலாம் இடத்தில் போட்டால் கடைசிப் பலகை இறங்காது. பூட்டு அந்தக் கடைசிப் பலகைக்கு மட்டும்தான். கீல் இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை, கதவு திறக்க வீதியில் இடமும் வேண்டாம், காலையில் கடை முகம் முழுவதும் திறந்து விடும். பெட்டிக்கடைக்காரர் அடுத்த படி போனார். முகப்புப் பலகையை இரண்டாக்கி, மேல் பாதியைத் தூக்கிக் கம்பு முட்டுக் கொடுத்து நிழலாக்கினார். கீழ்ப் பாதியைச் சாய்த்துச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சரக்கு வைக்கும் பலகையாக்கினார். ரோலிங் ஷட்டர் வந்த பிறகு இந்த இரண்டையும் மறந்து விட்டோம்.

வெளிநாட்டிலும் இதே யோசனைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1930-களிலிருந்தே, விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று காட்டோரம் தங்குவதற்கென்று, வீட்டு முற்றத்திலேயே சிறு டிரெய்லர்களைச் செய்து கொள்ளும் வழக்கம் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த் துளி போன்ற வடிவம். 1947-ல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற பத்திரிகை இத்தகைய வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. உள்ளே இருவர் படுக்க மட்டும் இடம். இரு பக்கமும் ஆள் நுழையும் கதவு. பின்புறம் முழுவதும் மேலே தூக்கும் ஒரே கதவு. அதைத் தூக்கினால் கீழே அடுப்பும் பாத்திரமும், தூக்கிய கதவே சமைப்பவருக்குக் கூரை. நம் பெட்டிக்கடையின் மேல்பலகையேதான். இலங்கையில் மூன்று சக்கர வண்டியில் பாண் விற்பவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். பின்னால் கண்ணாடி போட்ட பெட்டி. ஒலிபெருக்கியில் பீத்தோவன் இசை கேட்டதும் வீட்டுக்காரர் வெளியே வருகிறார். கதவைத் திறக்கும் முன்பே சரக்கு கண்ணில் படுகிறது. ரொட்டிக்கு அது சரி. மூட்டைச் சரக்குக்கும் நம் மண் சாலைக்கும் கண்ணாடி ஆகாது.

டிரெய்லர் கட்டும் அமெரிக்கர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. பக்கச் சுவருக்கு ஒரே பிளைவுட் பலகையை எடுத்து, அதில் கதவின் உருவத்தைக் கவனமாக அறுத்து எடுக்கிறார்கள். அறுத்து எடுத்த துண்டே கதவாகிறது. சுவரும் கதவும் ஒரே பலகையாதலால் வளைவு இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே வளையும், பொருத்தம் கெடாது. மூலைகளை வட்டமாக அறுக்கிறார்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். ரப்பரும் கூர் மூலையில் திரும்பாமல் இடைவெளி விட்டு விடும்.

ஆனால் அந்த வரைபடங்களை அப்படியே எடுத்துக் கொண்டால் ஆபத்து. அங்கே வலப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள், சாலையோரம் என்பது அவர்களுக்கு வலப்பக்கம். நமக்கு இடப்பக்கம். வாடிக்கையாளர் நிற்கும் கதவு இடப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்தால் வியாபாரம் இரட்டிப்பாகும் என்று ஒருவர் நம்மிடம் வாதாடினார். பேருந்தும் லாரியும் போகிற பக்கத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் நிறுத்தி வியாபாரம் செய்யலாமா?

அந்த இடப்பக்கக் கதவைப் பெட்டிக்கடை முறையில் அமைப்பதே நம் தொழிலுக்கு ஏற்றது. ஏஸ் போன்ற சிறு வண்டியில் சரக்குத் தளம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். தரையிலிருந்து தளம் சுமார் இரண்டரை அடி என்று கொண்டு, அதன்மேல் 5 அடி உயரப் பெட்டி கட்டினால் கூரை ஏழரை அடியில் வரும். மேல்தூக்குக் கதவை 6 அடி அகலம், 3 அடி உயரம் வைக்கலாம். தூக்கி நிறுத்தும்போது அதன் வெளி விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடிக்குக் குறையக் கூடாது, தலைச்சுமையோடு வருகிறவர்கள் உண்டு. கூரை மட்டத்துக்கு நேராகவும் தூக்கக் கூடாது. முக்கால் அடியாவது வெளிப்பக்கம் சாய்ந்தால்தான் மழைநீர் முன்னால் வழியும், இல்லையேல் கீல் வழியே திரும்பிச் சரக்கின் மேல் இறங்கும்.

காற்றை மறந்து விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் நம் பக்கம் அடிக்கும் காற்று எல்லோரும் அறிந்ததே. 6-க்கு 3 என்றால் 18 சதுர அடி. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் அந்தப் பரப்பின் மேல் ஏறக்குறைய 28 கிலோ பாரம் விழுகிறது. அது கதவைத் தூக்கி அடிக்கும்போது, இரண்டு சிறு கீலில் நான்கு நான்கு திருகு என்றால் பிய்த்துக் கொண்டு போய் விடும். கதவின் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் போட வேண்டும். அதைத் தகட்டில் மட்டும் திருகாமல், பின்னால் இருக்கும் சதுரக் குழாய்ச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

தூக்கி நிறுத்துவதற்குக் கார் டிக்கியில் இருப்பது போன்ற கேஸ் ஸ்பிரிங் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நல்லதுதான். அதன்மேல் நியூட்டன் கணக்கில் எண் இருக்கும். 100 என்றால் சுமார் 10 கிலோ தள்ளும் சக்தி. கதவு 15 கிலோ, ஆகவே இரண்டு 100 போதும் என்று கணக்குப் போடக் கூடாது. கீலுக்கு அருகில் பொருத்தும்போது கதவின் எடையைவிடப் பல மடங்கு சக்தி தேவைப்படும். கதவை எடை போட்டு, பொருத்தும் இடத்தையும் காட்டி விற்பவரிடம் கேளுங்கள். எத்தனை நல்ல ஸ்பிரிங்கும் நாளடைவில் காற்று இறங்கும், அதுவும் ஒரு நாள் தராசின் முன் ஆள் நிற்கும்போது இறங்கும். ஆகவே பெட்டிக்கடைக்காரரின் முட்டுக் கம்பு, இரும்புக் குழாயில் ஒன்று, கூடவே இருக்கட்டும்.

கீழே சாயும் பலகை ஓர் அடி அகலம் போதும். அதைத் தாங்கும் சங்கிலியைப் பிளைவுட்டில் மாட்டாமல் சட்டத்தில் மாட்ட வேண்டும். வாடிக்கையாளர்கள் அதன்மேல் கையூன்றிச் சாய்ந்து கொண்டு தான் பேசுவார்கள். இன்னொன்று, மின்னணுத் தராசை இந்தப் பலகையில் வைக்காதீர்கள். மட்டம் சாய்ந்தால் எடை பிசகும், முத்திரை போட்ட தராசானாலும் பெயர் கெடும். தராசு உள்ளே தளத்தின் மேலேயே இருக்கட்டும்.

பின்கதவு சரக்கு ஏற்றி இறக்குவதற்கானது. இதற்கு இரட்டைக் கதவே சிறந்தது. ஆனால் 90 பாகை மட்டும் திறக்கும் கீல் போட்டு விட்டால் மண்டித் திண்ணைக்கு வண்டியைப் பின்னால் ஒட்ட முடியாது, இரு கதவும் திண்ணையில் இடிக்கும். முழுவதும் திரும்பிப் பெட்டியின் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கிற கீல் வேண்டும். ஒட்டிய இடத்தில் பிடித்துக் கொள்ள ஒரு கொக்கியும் வேண்டும். ஏற்றுகிற ஆட்கள் இதற்காகவே உங்களை வாழ்த்துவார்கள்.

சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் கொள்முதல் செய்து, 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏறி வருகிறவர்கள் நம்மில் பலர். மேடு ஏறும்போது மூட்டைகள் எல்லாம் பின்னுக்குச் சரிந்து பின்கதவின் மேல் சாய்கின்றன. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் ஓர் இடி. கதவின் கொண்டி பூட்டுவதற்கு உரியது, அரை டன் சரக்கைத் தாங்குவதற்கு அல்ல. இங்கேதான் பழைய கடைப் பலகை கை கொடுக்கிறது. பின்கதவுக்கு உட்புறம் இரு ஓரத்திலும் இரும்புக் காடி வைத்து, ஒன்றரை அங்குலக் கனத்தில் இரண்டு பலகைகளைக் குறுக்கே செருகி விட்டால் மூட்டையின் பாரம் பலகைக்கும் சட்டத்துக்கும் போய் விடும். கதவு தன் வேலையை மட்டும் செய்யும். கதவைத் திறந்ததும் மூட்டை காலில் வந்து விழுகிற விபத்தும் இல்லை.

பக்கத்தில் ஆள் நுழையும் சிறு கதவு வைத்தால் அதன் கீல் முன்பக்கம், அதாவது ஓட்டுநர் இருக்கும் பக்கம், இருக்க வேண்டும். ஓடும்போது தாழ் கழன்றாலும் எதிர்க்காற்றே கதவைச் சாத்தி வைக்கும். பின்பக்கம் கீல் இருந்தால் அதே காற்று கதவை விரித்து, இடப்பக்கம் வரும் சைக்கிள்காரர் மேல் அறையும்.

இனி மழையும் தூசியும். கதவு சுவருக்குள் பதிந்து உட்காருவதைவிட, சுவரின்மேல் முக்கால் அங்குலம் ஏறி மூடுவது நல்லது. கதவுக்கு மேலே இரண்டு ஓரமும் நீண்டபடி ஒரு அலுமினிய வடிகால் பட்டை கட்டாயம். அடியில் நிலைச் சட்டத்தை வெளிப்பக்கம் சாய்வாக வைத்து, இரண்டு மூன்று துளைகள் விட வேண்டும். தண்ணீர் நுழையவே கூடாது என்று அடைப்பதைவிட, நுழைந்தால் வெளியேற வழி விடுவதே புத்திசாலித்தனம். மேலே சொன்ன சர்க்கரைக்காரரின் பெட்டியில் அந்தத் துளைகள் இருந்திருந்தால் மூட்டைகள் பிழைத்திருக்கும். ரப்பர் பீடிங் நடுவில் குழலாக இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கதவு சாத்தும்போது அது பாதியளவு அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் கொண்டி மாட்டவே இரண்டு ஆள் வேண்டும்.

தூசி பின்கதவு வழியாகத்தான் அதிகம் வரும். ஓடுகிற பெட்டி வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, சக்கரம் கிளப்பிய செம்மண்ணை அது பின்கதவு இடுக்கு வழியே உள்ளே இழுக்கிறது. மைதா மூட்டையின் மேல் செம்மண் படிந்தால் யார் வாங்குவார்? எனவே இரட்டைக் கதவு சேரும் நடுக்கோட்டில், ஒரு கதவின் விளிம்பு மற்றதன்மேல் ஏறும்படி ஒரு பட்டையும் ரப்பரும் மறவாமல் போடச் சொல்லுங்கள்.

எதில் செய்வது? 8-க்கு 4 அடி அளவில் 18 மில்லி மீட்டர் பிளைவுட் ஒன்று 35 கிலோ வரை வரும். 12 மில்லி மீட்டர் 21 முதல் 25 கிலோ. அதே அளவு ஒரு மில்லி மீட்டர் இரும்புத் தகடு சுமார் 23 கிலோ. ஒன்றரை மில்லி மீட்டர் அலுமினியம் 12 கிலோதான். முக்கால் டன் ஏற்றும் வண்டியில் கதவுகளுக்கே ஒரு மூட்டை எடையைக் கொடுத்து விட்டால், ஒவ்வொரு நடையிலும் அந்த ஒரு மூட்டை வியாபாரம் போயிற்று. ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், வெளியே அலுமினியம், உள்ளே மெல்லிய பிளைவுட் என்பது நம் கணக்குக்கு ஒத்து வருகிறது. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல்தரப் பலகையாகவே பாருங்கள், அறுத்த விளிம்புகளுக்கு முதலில் வர்ணம் அடியுங்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக் கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும், இடையில் வர்ணமோ ரப்பர் பட்டையோ வேண்டும்.

திருட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூட்டை எல்லோரும் நல்லதாக வாங்குகிறார்கள். திருடன் கீலின் ஊசியைத் தட்டிக் கழற்றுகிறான். ஊசியின் இரு முனையையும் வெல்டிங் செய்து விடுங்கள். கொண்டிக்கு வெளியே தலை மட்டும் உருண்டையாகத் தெரிகிற, நட்டு உள்ளே முடுக்கப்பட்ட போல்ட் போடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. எந்தக் கதவானாலும் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லிலும், தேர்த்திருவிழாவுக்குத் தீர்த்தமலையிலும் கடை போடுகிற நம்மவர்கள் இரவில் அந்தப் பெட்டிக்குள்ளேயே படுக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு. சரக்கு இறக்கும் பையன் உள்ளே நிற்கும்போது வெளியே ஒருவர் கொண்டியை மாட்டி விட்டுத் தேநீர் குடிக்கப் போய் விடலாம். மே மாத வெயிலில் மூடிய தகரப் பெட்டி எவ்வளவு நேரத்தில் அடுப்பாகும் என்று சொல்லவும் வேண்டுமா? அமெரிக்காவில் 1998 கோடையில் கார் டிக்கிக்குள் விளையாட்டாக ஏறிய குழந்தைகள் திறக்க முடியாமல் இறந்தனர். அதன் பிறகு 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் கார்களின் டிக்கிக்குள், உள்ளிருந்து இழுத்துத் திறக்கும் இருட்டில் ஒளிரும் பிடி கட்டாயமாக்கப்பட்டது. நமக்குச் செலவு ஒன்றும் அதிகமில்லை. வெளிக் கொண்டியோடு இணைந்த ஒரு கம்பி உள்ளே வர வேண்டும். வெளியே தொங்கு பூட்டு போட்டால் அந்தக் கம்பியும் பயன்படாது, ஆகவே ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டுச் சாவி உள்ளே இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும். படுக்கிற வண்டிக்கு வெளியேற இரண்டு வழி வேண்டும், ஒன்று அடைபட்டால் மற்றது. கதவின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் கொசுவலை அடித்த காற்றுச் சாளரம் வேண்டும். கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. அந்தப் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஓடும்போது பெட்டிக்குள் யாரையும் ஏற்றுவதும் கூடாது.

சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. பெட்டி கட்டும் முன்பே நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அதே சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லில் டிரெய்லரும் அடங்கும், அதற்கும் தனிப் பதிவு உண்டு. அனுமதியில்லாத பெட்டியோடு விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது சிக்கல் வரும். பின்கதவு விளக்கையும் நம்பர் பலகையையும் மறைக்கக் கூடாது.

பட்டறையில் வண்டியை எடுக்கும் நாளன்று கடைசித் தவணையைச் சட்டைப் பையிலேயே வைத்துக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே போகட்டும். எல்லாக் கதவையும் சாத்தி, கொண்டி மாட்டி, வெளியே குழாயை வைத்துக் கால் மணி நேரம் ஒவ்வொரு கதவின் மேலும் தண்ணீர் அடியுங்கள். பிறகு உள்ளே இருப்பவர், வெளியே யாருடைய உதவியும் இன்றித் தாமே கதவைத் திறந்து கொண்டு காய்ந்த சட்டையோடு இறங்கி வரட்டும். அதன் பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.